"தானா விழுந்துட்டார்" என்று சொல்லாதீர்கள்!

(மரக்காணத்தில் நடைபெற்ற இளைஞர் - வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று மாலை இங்கே வரும் வழியில் உப்பளத்தின் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் நின்றேன். சாலையின் இரு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வாரிக் குவித்த உப்பின் மேல் கீற்று மூடியிருந்தார்கள். மூட்டை ஏற்ற வந்த லாரி ஒன்று பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக நின்றது. பின்விளக்கு எரியவில்லை. இன்று சனிக்கிழமை. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற கார்கள் அந்த லாரியை உரசிக்கொண்டு பறந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அந்தச் சாலை நமக்கு வியாபாரத்தைக் கொடுத்தது. எத்தனை வீடுகளில் சம்பாதிக்கிறவரைப் படுக்கையில் போட்டது என்பது இந்தக் கூட்டத்தில் இருக்கிற பலருக்குத் தெரியும்.

விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று பேசுவதற்கு நான் வரவில்லை. அதைப் போக்குவரத்துப் போலீசார் பேசட்டும். நடந்துவிட்ட பிறகு என்ன செய்யவேண்டும் என்பதைப் பேச வந்திருக்கிறேன். அதைப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. அதைத் தவறாகச் செய்தவன் நான்!

2017ஆம் ஆண்டு. என் தங்கை கணவர், என் மச்சான், லுங்கியும் நைட்டியும் கட்டி எடுத்துக்கொண்டு சந்தை சந்தையாகப் போகிறவர். அப்போது அவருக்கு வயது 32. இரவு சந்தை முடிந்து மொபெட்டில் திரும்பும்போது மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் இடையில் பின்னாலிருந்து ஒரு கார் இடித்தது. காரில் வந்தவர் ஓடிப்போகவில்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தன் காரிலேயே தூக்கிப்போட்டு ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். எனக்குப் போன் வந்தது. நானும் ஓடினேன். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாய், போலீஸ் கேஸ்னு போனா உங்களுக்கும் அலைச்சல், எனக்கும் அலைச்சல். செலவு முழுக்க நான் பார்த்துக்கிறேன்."

உள்ளே டூட்டி டாக்டர் கேட்டார்: "எப்படி அடிபட்டது?"

நான் சொன்னேன்: "நாய் குறுக்கே வந்துடுச்சு சார். தானா விழுந்துட்டார்."

டாக்டர் அதை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அந்த இரவு காரில் வந்தவர் 20,000 ரூபாய் கட்டினார். மூன்றாம் நாள் போன் எடுத்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த எண் அணைக்கப்பட்டுவிட்டது. முழங்காலில் பிளேட் வைத்தார்கள். அது சேராமல் இரண்டாவது ஆபரேஷன். தங்கையின் நகை போயிற்று. நாற்பது நாள் கழித்துத்தான் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். அவர்கள் மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். பிறகு கோர்ட். அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். "தானாக விழுந்ததாக உடன் வந்த உறவினர் கூறினார்." கார் இடித்தது என்பதே நிரூபிக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடி ஆனது. நான் கூண்டில் நின்று சத்தியம் செய்துவிட்டு "அன்று சொன்னது பொய், இன்று சொல்வதுதான் உண்மை" என்றேன். யார் நம்புவார்கள்?

என் மச்சான் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "கத்ர்" என்று சொல்லிவிட்டார். கார் இடித்தது கத்ர். டாக்டரிடம் பொய் சொன்னது யார் செய்த வேலை?

சகோதரர்களே! அந்தப் பதிவேட்டுக்கு ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர் என்று பெயர். கோர்ட்டு வட்டாரத்தில் 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். விபத்துக்குப் பிறகு பிறக்கிற முதல் சாட்சி பெரும்பாலும் அதுதான். எஃப்.ஐ.ஆர். அடுத்த நாள் வரலாம், வக்கீல் அடுத்த மாதம் வரலாம். ஏ.ஆர். மட்டும் ரத்தம் காய்வதற்குள் எழுதப்பட்டுவிடும். காரா, லாரியா, எந்த இடம், எத்தனை மணி, எத்தனை பேர் அடிபட்டார்கள், உங்கள் வாயிலிருந்து என்ன வந்தது, எல்லாம் அதில் இருக்கும். வண்டி எண் தெரிந்தால் எண்ணைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "வெள்ளைக் கார், எண் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவேண்டாம். தெரிந்ததை மறைக்கவும் வேண்டாம். நீங்களே பள்ளத்தில் விழுந்தீர்களா? விழுந்தேன் என்றே சொல்லுங்கள். ஊரில் சிலர் இதற்கு நேர்மாறாகவும் செய்கிறார்கள். தானாக விழுந்துவிட்டு, இன்ஷூரன்ஸ் இருக்கிற தெரிந்தவர் வண்டி எண்ணைக் கொடுத்து வழக்குப் போடுகிறார்கள். அது மோசடி வழக்கு, கிரிமினல் குற்றம். அப்படிப்பட்டவர்களால்தான் உண்மையாக அடிபட்டவனையும் கோர்ட் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது.

சரி, முதலிலிருந்து வருவோம். அடிபட்டவர் சாலையில் கிடக்கிறார். முதல் வேலை 108. தமிழ்நாட்டில் 2008ல் தொடங்கிய சேவை. இந்தச் சாலையில் "உப்பளத்துகிட்ட" என்று சொன்னால் போதாது. கண்ணுக்கெட்டிய தூரம் எல்லாமே உப்பளம்தான். பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது, எந்த ஊர் பஸ் நிறுத்தம் தாண்டி என்று சொல்லுங்கள். ஒருவர் டார்ச் அடித்து வருகிற வண்டிகளை விலகச் செய்யவேண்டும். இல்லாவிட்டால் தூக்க வந்தவர்களையும் சேர்த்து இன்னொரு கார் அடித்துவிடும்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை எடுக்காதீர்கள். காபித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் சோடா ஊற்றுவதை இன்றும் பார்க்கிறேன்; அது நுரையீரலுக்குப் போய் ஆளைக் கொன்றுவிடும். கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால், வண்டி தீப்பிடிக்கிற நிலைமை தவிர, ஆளை மடக்கி ஷேர் ஆட்டோவில் திணிக்காதீர்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ்கட்டிக்குள் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. நம் மீன் வியாபாரிகள் பழக்கத்தில் ஐஸுக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். அந்த விரல் ஒட்டாது.

இளைஞர்களுக்கு ஒன்று. தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று, சட்டையைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பேசுவார். டீயும் குடிப்பார். மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருந்தால் சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கம் தூக்கமாக வருவது என்று ஆரம்பித்து நினைவு போய்விடும். "அசதியா இருக்கார், தூங்கட்டும்" என்று விட்டுவிட்டு ஃபஜ்ருக்கு எழுப்பப் போனால் எழுந்திருக்கமாட்டார். தலையில் அடி என்றால் ஆள் சிரித்துக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குத்தான். உடனே போனால் பதிவும் அன்றே ஆகிறது. பத்து நாள் கழித்து "அன்றைக்கே அடிபட்டேன்" என்றால் அதற்குத் தாள் கிடையாது.

"தூக்கிக்கொண்டு போனால் நம்மைப் பிடித்துக்கொள்வார்களே" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமானதுதான். இன்று இல்லை. 2016 மார்ச் 30 அன்று சுப்ரீம் கோர்ட், உதவி செய்கிறவரைத் தொல்லை செய்யக்கூடாது என்ற விதிமுறைகளை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. பிறகு 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அடிபட்டவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நீங்கள் பெயர்கூடச் சொல்லாமல் போகலாம். மருத்துவமனை உங்களிடம் பணம் கட்டச் சொல்ல முடியாது. சாட்சி சொல்வதா வேண்டாமா என்பதும் உங்கள் விருப்பம். சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். அடிபட்டவர் வீட்டுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

மருத்துவமனைகள் மறுக்கலாமா? 1980களில் ஒரு ஸ்கூட்டர்காரர் கார் மோதி விழுந்தார். பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். "இது போலீஸ் கேஸ், எங்களுக்கு அனுமதி இல்லை" என்று சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போயிற்று. அந்தப் பத்திரிகைச் செய்தியை வைத்துக்கொண்டு பர்மானந்த் கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1989ல் தீர்ப்பு வந்தது. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்றவேண்டும், போலீஸ் சம்பிரதாயங்கள் பிறகுதான். இதைக் கேஷுவாலிட்டி வாசலில் சத்தம் போடாமல், நிதானமாகச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

செலவு? தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று நமக்குப் பக்கத்தில் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு பணம் கட்டும். தொடங்கும்போது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தார்கள். ரேஷன் கார்டு கேட்கவேண்டியதில்லை, வெளிமாநிலத்தவரும் பெறலாம். மத்திய அரசின் திட்டம் 2025 மே 5 அன்று அறிவிக்கை ஆனது. 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. அதுவும் தானாக வரவில்லை. நம் கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் ராஜசேகரன், உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் 2012ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2025 ஜனவரியில் "திட்டத்தை உடனே கொண்டு வா" என்று கோர்ட் அரசுக்குக் கெடு வைத்தது. ஒரு டாக்டரின் பிடிவாதம்! மருத்துவமனையில் சேர்க்கும்போதே "இந்தத் திட்டம் இங்கே உண்டா?" என்று கேளுங்கள். பில் கட்டிவிட்டுக் கேட்டால் திரும்ப வராது.

இனி நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல். மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு எல்லாம் விழுப்புரம் மாவட்டம். பெரிய அடி என்றால் நாம் ஓடுவது காலாப்பட்டுப் பக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரிக்கு, அல்லது ஜிப்மருக்கு. அது புதுச்சேரி. விபத்து ஒரு ஆட்சியில், படுக்கை இன்னொரு ஆட்சியில்! "அங்கே போய் எழுதிக்கொடு", "இல்லை இங்கே" என்று நான்கு நாள் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 173, எந்த இடத்தில் குற்றம் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. வாங்கிப் பதிந்து உரிய நிலையத்துக்கு அவர்கள் அனுப்பவேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் தகவல் கொடுத்தவருக்கு இலவசம். வாங்காமல் வராதீர்கள். வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். தேதி, நேரம், வண்டி எண், எந்தத் திசையில் போனீர்கள் என்பவை ஏ.ஆரோடு ஒத்துப்போகின்றனவா? எழுத்துப் பிழையாக ஓர் எண் மாறியிருந்தாலும் அன்றே சொல்லித் திருத்துங்கள். அதே எண் மூன்று வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எழுந்து நிற்கும்.

நஷ்டஈட்டு மனு எங்கே போடுவது? விபத்து நடந்த இடத்து கோர்ட்டிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற இடத்திலும் போடலாம், எதிர்த்தரப்பு இருக்கிற இடத்திலும் போடலாம். 166ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. சென்னைக் காரன் இடித்தான் என்பதற்காக நீங்கள் சென்னைக்கு அலையவேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் போலீசுக்கும் ஒரு கடமை உண்டு. 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை, நேரே தீர்ப்பாயத்துக்கு. அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதை மட்டும் நம்பி வீட்டில் இருக்கவேண்டாம்.

கெடுவைப் பற்றிக் கவனமாகக் கேளுங்கள். 1994ல் கெடுவை எடுத்துவிட்டார்கள். எத்தனை வருடம் கழித்தும் போடலாம் என்று நம் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்து நினைப்பு. 2022 ஏப்ரலிலிருந்து மீண்டும் ஆறு மாதம். இதை எதிர்த்து வழக்குகள் போய், காலம் கடந்தது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவு என்றால் என்ன? இன்று இருக்கும், நாளை மாறலாம். ஆறு மாதம் என்றே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இடித்தவன் யாரென்றே தெரியாமல் ஓடிவிட்டானா? அதற்கும் வழி உண்டு. இறந்தால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். மனு கோர்ட்டுக்கு அல்ல, வருவாய்க் கோட்ட அதிகாரிக்கு. முடிவு செய்வது கலெக்டர். இங்கேயும் எஃப்.ஐ.ஆர். வேண்டும், ஏ.ஆர். வேண்டும்.

தொகையைப் பற்றி ஒரு கணக்கு. மாதம் 10,000 சம்பாதிக்கிற 32 வயதுக்காரர். சொந்தத் தொழில் செய்கிற, 40 வயதுக்குள் இருப்பவருக்கு எதிர்கால வளர்ச்சி என்று 40 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 14,000 ஆகிறது. அந்த வயதுக்குப் பெருக்கு எண் 16. சம்பாதிக்கும் திறன் 40 சதவீதம் குறைந்தது என்று கோர்ட் ஏற்றால், 14,000 பெருக்கல் 12 பெருக்கல் 16, அதில் 40 சதவீதம்: 10,75,200 ரூபாய். மருத்துவச் செலவு, வலி, வேதனை எல்லாம் தனி. என் மச்சானுக்கு நான் அந்த மருத்துவமனை வாசலில் பேசி முடித்தது 20,000!

"எனக்கு என்ன பாய், சம்பளச் சீட்டா இருக்கு?" என்று தள்ளுவண்டிக்காரர் கேட்பார். கர்நாடகத்தில் ஒரு காய்கறி வியாபாரி. நம் சகோதரர்தான், 24 வயது. விபத்தில் கால் போயிற்று. கால் போனாலும் காய்கறி விற்கலாமே என்ற ரீதியில் கீழே இழப்பைக் குறைத்தார்கள். 2014ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. அமைப்பு சாராத் தொழிலில் இருப்பவனிடம் வருமானத்துக்கு ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி மாதம் 6,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டது. இழப்பை 85 சதவீதம் என்றது. ஒரு கை போனால் கணக்கு எழுதுகிறவருக்கு ஏற்படும் நஷ்டம் வேறு, மூட்டை தூக்குகிறவருக்கு ஏற்படும் நஷ்டம் வேறு. டாக்டர் தருகிற சதவீதத்தோடு நிற்காமல் தொழிலையும் பார்க்கவேண்டும் என்று 2010லேயே அந்தக் கோர்ட் விளக்கியிருக்கிறது. ஆகவே தைரியமாகப் போங்கள். அதற்காகத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். சந்தைச் சுங்கச் சீட்டு, மொத்தக் கடை பில், போனில் பணம் வந்த கணக்கு, பிசியோதெரபிக்குப் போன ஆட்டோ செலவு வரை ஒரு பிளாஸ்டிக் கவரில் சேருங்கள். எக்ஸ்ரே படத்தைப் பரண்மேல் சுருட்டிப் போடாதீர்கள்.

இதுவரை அடிபட்டவராக நின்று பேசினேன். வியாபாரிகளே, நாளை நீங்கள் இடித்தவராக நிற்கலாம்.

உங்கள் கடை வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? 2018 செப்டம்பர் முதல் புது டூவீலர் வாங்கும்போதே 5 வருடத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். ஆறாவது வருடம் யாருக்கும் நினைவு வருவதில்லை. இன்னும் சிலர், "இன்ஷூரன்ஸே கூடாது, அதனால் புதுப்பிக்கவில்லை" என்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பற்றி ஆலிம்களிடையே பல கருத்து இருக்கிறது. நான் ஃபத்வா கொடுக்கிறவன் அல்ல. ஆனால் ஒன்று கேட்கிறேன். வண்டியைச் சாலையில் இறக்கும்போது 146ஆம் பிரிவு இதைக் கட்டாயம் என்கிறது. இந்தக் காப்பீட்டில் பணம் போவது உங்களுக்கல்ல, உங்கள் வண்டி இடித்துக் கிடக்கிற அந்த உப்பளத் தொழிலாளிப் பெண்ணுக்கு. அது அவளுடைய ஹக்கு. காப்பீடு இல்லையென்றால் அந்த லட்சங்களை நீங்கள் உங்கள் வீட்டை விற்றுக் கொடுக்கவேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அவள் பிள்ளைகளுக்கு என்ன பதில்? பேணுதல் என்று சொல்லி வண்டியை மட்டும் ஓட்டுவோம், பொறுப்பை மட்டும் ஏற்கமாட்டோம் என்பது எந்த ஊர் நியாயம்? சந்தேகம் உள்ளவர் ஆலிமிடம் கேளுங்கள். கேட்டுத் தெளியும்வரை வண்டியை நிறுத்தி வையுங்கள்.

லைசென்ஸ் இல்லாத கடைப் பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து "அந்தப் பார்சலைப் போட்டுவிட்டு வா" என்கிறீர்கள். அவன் இடித்தால் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கட்டிவிட்டு அந்தத் தொகையை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலிக்கக் கோர்ட் உத்தரவிடும். அந்தச் சொந்தக்காரர் நீங்கள்.

மினி லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள். சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ கூட வந்தால் சட்டப்படி காப்பீடு உண்டு. வழியில் கை காட்டிய நான்கு பேரைப் புண்ணியம் என்று பின்னால் ஏற்றினால் அவர்களுக்குக் கம்பெனியின் பொறுப்பு இல்லை என்று 2003லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வருகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். மூட்டை ஏற்றும்போது உங்கள் கூலியாள் விழுந்து இடுப்பு உடைந்தால் அது முதலாளி கொடுக்கவேண்டிய நஷ்டஈடு. 1923லிருந்து தனிச் சட்டமாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. பெயர்தான் மாறியது, பொறுப்பு மாறவில்லை.

உங்கள் வண்டி இடித்துவிட்டால் நில்லுங்கள். கூட்டம் அடிக்க வரும் என்ற நிலை இருந்தால் நேரே போலீஸ் நிலையத்துக்குப் போங்கள், சட்டம் அதை அனுமதிக்கிறது. "செலவை நான் பார்த்துக்கிறேன், கேஸ் வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் காரில் வந்தவர் முதல் நாள் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. செலவு இவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தபோது ஓடினார். இன்ஷூரன்ஸ் அவரிடம் இருந்திருக்கும். வழக்குப் பதிவாகியிருந்தால் அவர் கையிலிருந்து ஒரு பைசா போகாமலேயே என் மச்சானுக்குக் கிடைத்திருக்கும்.

சொல்லத் தயங்குகிற விஷயம் ஒன்று. விபத்தில் மவ்த்து ஆகிவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழுகிற குரல்: "மய்யித்தை அறுக்கவேண்டாம், சீக்கிரம் அடக்கம் பண்ணவேண்டும்." அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் விபத்து மரணத்தில் போலீஸ் விசாரணையும் போஸ்ட்மார்ட்டமும் சட்டப்படி நடக்கிறவை. ஆளைப் பிடித்து அதைத் தவிர்த்துவிட்டால், மரணத்துக்குக் காரணம் அந்த விபத்துதான் என்று சொல்ல ஒரு தாளும் இருக்காது. இத்தாவில் உட்கார்ந்திருக்கிற சகோதரியும் யத்தீம்களும் வெறுங்கையோடு நிற்பார்கள். தாமதத்தைக் குறைக்க வழி இருக்கிறது. 2021 நவம்பர் 15 முதல், வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதித்துவிட்டது. ஜமாஅத் நிர்வாகிகள் இருவர் மருத்துவமனையிலும் ஒருவர் போலீஸ் நிலையத்திலும் நின்று தாள்களை நகர்த்தினாலே பாதி நேரம் மிச்சம். கப்ரு வெட்ட ஐம்பது பேர் வருகிறோமே!

கடைசியாக, மருத்துவமனை வராண்டாவில் படுக்கைக்குப் படுக்கை வந்து "வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்க, பாதிப் பணம் உங்களுக்கு" என்கிறவர்களிடம் ஜாக்கிரதை. வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். வக்கீல் வைக்க வசதி இல்லையா? தாலுகா சட்டப் பணிகள் குழு கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலும் ஏழைகளுக்கும் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

நாளை அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வராண்டாவில் நான் உட்கார்ந்திருப்பேன். மச்சானும் வருவார். அவரால் தரையில் உட்கார முடியாது, ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இன்ஷூரன்ஸ் தாளையும் லைசென்சையும் எடுத்து வாருங்கள். தேதி முடிந்துவிட்டதா என்று அங்கேயே பார்ப்போம். கடந்த ஆறு மாதத்தில் யாராவது அடிபட்டு, எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் அவர்கள் முதலில் வரட்டும்.